நாலு சக்கரத்துக்கு ஐந்து டயர்

எங்கள் ஜீப் டிரைவரை ஆபீஸில் எல்லோரும் காத்து அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப் பையில் அவர் டயரின் காற்றை அளக்கிற மீட்டர் வைத்திருப்பார். ஏழு மணிக்கு வண்டி கிளம்பவேண்டும் என்றால் ஆறே முக்காலுக்கே நாலு சக்கரத்திடமும் குனிந்து நலம் விசாரித்துவிடுவார். பின்கதவில் மாட்டியிருக்கும் ஸ்டெப்னியையும் விடமாட்டார். நான் தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் வெந்துகொண்டிருப்பேன்.

"நேத்து பார்த்த காத்துதானே அண்ணே, எங்க ஓடிப்போயிடும்?"

"ஓடிப்போகாதுன்னு யாரு சொன்னது, சிஸ்டர்?"

எனக்குப் பொறுமை குறைச்சல். இருபது வருஷமாகக் கைக்குழந்தைகளுக்கு ஊசி போட்டு, அவர்கள் போடுகிற கூச்சலில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. அவரோ ஒரு போல்ட்டைத் திருகினால்கூட இரண்டு தடவை தட்டிப் பார்த்து, துணியால் துடைத்து, தள்ளி நின்று ஒரு முறை பார்க்கிறவர். அந்த மனிதரோடு ஆறு வருஷம் ஒரே வண்டியில் போய்வந்திருக்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது புதன்கிழமை எங்களுக்கு மலைமேல் தடுப்பூசி மையம். நாற்பத்தொரு கிலோமீட்டர் தார் ரோடு. அதற்குப் பிறகு, ரோடு என்று நாங்கள் சொல்லிக்கொள்கிற ஏழு கிலோமீட்டர். மழை பெய்தால் களிமண், வெயில் அடித்தால் கூர்கல், நடுவில் இரண்டு ஏற்றம். மேலே தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஆடுகிற ஒரு மேஜை, அறுபத்து மூன்று குழந்தைகள்.

அவருக்கு முன்னால் அந்த ஜீப்பை ஓட்டியவர் ஒரு வித்தைக்காரர். அடிவாரத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, மேலே போய்வந்ததாக டிரிப் ஷீட்டில் எழுதிவிடுவார். எனக்கு முன்னால் இருந்த நர்ஸும் அதற்கு உடந்தை. இப்படி ஐந்து மாதம் நடந்திருக்கிறது. நாங்கள் இருவரும் முதன்முதலாக மேலே போன அன்று, இடுப்பில் குழந்தையோடு ஓர் அம்மா ஜீப்புக்கு எதிரில் வந்து நின்றாள். "உங்க பேப்பர்ல எங்க பிள்ளைங்க மாசாமாசம் ஊசி போட்டுக்கிட்டுதான் இருக்காங்களாம். எங்க கண்ணுக்குத்தான் வண்டி தெரியலை" என்றாள். காத்து அண்ணன் அன்றிலிருந்து டிரிப் ஷீட்டில் வண்டியின் மீட்டர் என்ன காட்டுகிறதோ அதைத்தான் எழுதுவார். டீ குடிக்க ரோட்டோரம் நூறு மீட்டர் ஒதுங்கினாலும் அதற்கும் ஒரு வரி.

அந்தக் கூத்து வெளியே தெரிந்த பிறகு ஆபீஸ் சும்மா இருக்குமா? ஒரு விதி போட்டது. ஒரு மையத்துக்கு வண்டி தொடர்ந்து மூன்று முறை போய்ச்சேரவில்லை என்றால், 'போக்குவரத்துக்கு ஏற்றதல்ல' என்று அந்த மையத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏமாற்றியது ஒரு டிரைவரும் ஒரு நர்ஸும். தண்டனை குழந்தைகளுக்கு. யார் மூளையில் உதித்தது இது என்று நான் கேட்காத ஆள் இல்லை.

இந்த மழைக்காலத்தில் இரண்டு முறை தவறிவிட்டது. இரண்டு முறையும் இரண்டாவது ஏற்றத்தில் ஜீப் பின்னோக்கிச் சறுக்கியது, கொட்டுகிற மழையில் இறங்கி நடக்கவும் வழியில்லாமல் திரும்பினோம். இன்னும் ஒரு முறை தவறினால் மையம் போய்விடும். அப்புறம் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் இறங்கி, பஸ் பிடித்து வரவேண்டும். வருவார்களா? பாதிப் பேர் வரமாட்டார்கள். எனக்குத் தெரியும்.

ஜீப்பில் குறை இல்லை. லீவரைப் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி அது. ஆனால் அதற்கு நாலு டயரும் ஒரே அளவாக, ஒரே ரகமாக இருக்கவேண்டும். ஆபீஸ் விதிப்படியோ ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு இரண்டு டயர்தான். ஆகவே முன்னால் இரண்டும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வாங்கிய சேற்று டயர், பெரிய பெரிய ரப்பர் பட்டன் புடைத்து நிற்பது. பின்னால் இரண்டும் போன வருஷம் வாங்கிய வழுவழு ரோட்டு டயர், அளவிலும் ஒரு சுற்று சின்னது. ஸ்டெப்னி எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. லீவரைப் போட்டதும் முன்பக்கம் ஒரு வேகம், பின்பக்கம் ஒரு வேகம் என்று இழுத்து, உள்ளே கியர் முனகும்.

காத்து அண்ணன் எல்லா ரோட்டுக்கும் ஆகிற ஆல் டெரெய்ன் டயர் வேண்டும், ஐந்தும் ஒரே ரகமாக வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். எழுதுவதற்கு முன்னால் இரண்டு மாதம் அவர் செய்த ஆராய்ச்சி தனிக் கதை. லீவு நாளெல்லாம் டயர் கடைகளில் கிடந்தார். சணல் கயிற்றால் சுற்றளவு எடுத்தார். பட்டன் இடைவெளியில் காசைச் செருகி ஆழம் பார்த்தார். சேறு அப்பிக்கொள்ளாமல் தெறிக்கிற அளவுக்கு ஓரத்தில் இடைவெளி வேண்டும், ஈரத் தார் ரோட்டில் பிரேக் பிடிக்கிற அளவுக்கு நடுவில் நெருக்கம் வேண்டும், கூர்கல் கிழிக்காதபடி பக்கம் தடியாக இருக்கவேண்டும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதிவைத்திருந்தார். ரோட்டில் பொருத்தமான டயரோடு எந்த ஜீப்பைக் கண்டாலும் கைகாட்டி நிறுத்தி, ஓட்டுகிறவரைப் பேட்டி எடுப்பார்.

அவர் மனைவி, எனக்கு அண்ணி, வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருக்கிறவள். பிளவுஸ் கொடுக்கப் போன என்னிடம் பொரிந்து தள்ளினாள். "என் செருப்பு அறுந்து மூணு மாசம் ஆச்சு, சிஸ்டர். கேட்டா பார்க்கலாம்ங்கறாரு. ஆபீஸ் டயரை மட்டும் தடவித் தடவிப் பார்த்துட்டு வர்றாரு. அதைக் கட்டிக்கிட்டிருக்கலாம்." உள்ளேயிருந்து அவர், "செருப்பு ரெண்டும் ஒரே ரகமாத்தானே இருக்கு, தைச்சுக்கலாம்" என்றார். அண்ணி கத்தரிக்கோலை மேஜையில் வைத்த வேகத்தில் நான் எழுந்துவிட்டேன்.

அதிகாரியிடம் நானும் கூடப் போனேன். அவர் முன்னால் ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டே கட்டம்: சாலை வகை, சேற்று வகை.

"ரெண்டுல எதுன்னு சொல்லுங்க, டிக் பண்ணிடறேன்."

"ரெண்டுக்கும் சார்."

"ரெண்டுக்கும்னு கட்டம் இல்லையே. சரி, அது எதுக்கு அஞ்சு? வண்டிக்குச் சக்கரம் நாலுதானே?"

"ஸ்டெப்னி சார். மேல பஞ்சர் ஆச்சுன்னா வேற அளவு டயரை மாட்டிட்டு லீவர் போட முடியாது."

"வழக்கமா ரெண்டுதானே கொடுக்கறோம்?"

காத்து அண்ணன், "ஒரு கால்ல பூட்ஸ், ஒரு கால்ல செருப்பு போட்டுட்டு அந்த ஏத்தத்துல ஏறிப் பாருங்க சார்" என்றார். அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் குறுக்கே புகுந்து, இரண்டு முறை தவறியதையும் மூன்றாவது தவறினால் அறுபத்து மூன்று குழந்தைகளுக்கு ஊசி இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று. வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றது. கடைசியில் அவர் இரண்டு கட்டத்திலும் டிக் போட்டு, பக்கத்தில் 'ஐந்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

திங்கட்கிழமை டயர் வந்தது. புதன்கிழமை பயணம். நான் என் வாழ்க்கையில் டயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். காத்து அண்ணன் ஸ்டோர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. புது டயரில் மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர், அதைக் கம்பிக்குள் விரலை விட்டுத் தொட்டார்.

"மாட்டிடலாமா?" என்று ஸ்டோர் கீப்பரைக் கேட்டார்.

"நம்பர் சுடணுமே."

ஆபீஸ் டயரை யாரும் மாற்றிவிடக் கூடாது என்று ஒவ்வொரு டயரிலும் பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலால் எண் போடுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். எண் சுடாத டயர் ஸ்டோர் வாசலைத் தாண்டக் கூடாது. எண் சுடுகிற மெக்கானிக் பல் பிடுங்கப் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். சூட்டுக்கோல் அவர் பீரோவில், பீரோ சாவி அவர் இடுப்பில்.

"ஒரு கம்பியைக் காய்ச்சி நானே போட்டுடறேன்" என்றார் காத்து அண்ணன்.

"நீங்க போட்டா அது நம்பர் இல்லை, கிறுக்கல்."

"புதன்கிழமை ஒரு நாள் ஓட்டிட்டு வந்து கொடுத்துடறோம், அப்புறம் சுடுங்க" என்றேன் நான்.

"சிஸ்டர், உங்க பெட்டியில இருக்கிற மருந்தை நம்பர் பார்க்காம போடுவீங்களா?"

மருந்தும் டயரும் ஒன்றா என்று கத்தினேன். அதிகாரிக்கு போன் போட்டோம். அவர் வெளியூரில் பயிற்சியில் இருந்தார், எடுக்கவே இல்லை. செவ்வாய் முழுக்க இப்படியே ஓடியது. பயணத்தைத் தள்ளிவைக்கலாமா என்றால், புதன் தவறினால் தவறியதுதான், அதற்கும் விதி இருந்தது.

புதன்கிழமை காலை பழைய டயரோடு கிளம்பினோம். ஆறே முக்காலுக்கு அவர் காற்றுப் பார்த்தார். மழை இல்லை, ஆனால் முந்தின நாள் பெய்த ஈரம் இருந்தது. முதல் ஏற்றம் எப்படியோ ஏறிவிட்டது. இரண்டாவதில் பாதியில் பின்சக்கரம் வெண்ணெயில் மாட்டியதுபோல் சுற்றியது. கல் அடுக்கினார், சாக்கு போட்டார், காற்றைக் கொஞ்சம் இறக்கினார். மூன்றாவது முயற்சியில் ஜீப் பக்கவாட்டில் பள்ளத்தைப் பார்த்து நகர்ந்தது. உடனே நிறுத்திவிட்டார்.

"இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், சிஸ்டர். நடந்துடலாமா?"

தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். என் செருப்பு இரண்டு இடத்தில் சேற்றில் மாட்டியது, அவர்தான் பிடுங்கிக் கொடுத்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் ஐஸ் உறுதியாக இருந்தது. ஐம்பத்தெட்டு குழந்தைகள் வந்திருந்தார்கள். ஒன்றுவிடாமல் போட்டேன். நாங்கள் முதன்முதலாக வந்த அன்று எங்களை மறித்த அம்மாதான் இரண்டாவது குழந்தையோடு வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தாள்.

இறங்கி வந்து ஜீப்பில் ஏறியதும் அவர் டிரிப் ஷீட்டை எடுத்தார். கிளம்பிய மீட்டர் எழுதினார். சென்றடைந்த மீட்டர் என்ற இடத்தில் பேனா நின்றது.

"நாப்பத்தெட்டு கிலோமீட்டர்னு போடுங்க அண்ணே" என்றேன்.

"மீட்டர் நாப்பத்தாறுதானே காட்டுது."

"கீழ தார் ரோட்டுல போக வர நாலு கிலோமீட்டர் சும்மா ஓட்டுங்க. கணக்கு சரியாயிடும்."

"அஞ்சு மாசம் எழுதினானே, அவனும் முதல் தடவை இப்படித்தான் எழுதியிருப்பான்."

"அவன் ஊசி போடாம எழுதினான். நாம போட்டுட்டு வந்திருக்கோம். ரெண்டும் ஒண்ணா?"

"ஊசி போட்டதை உங்க ரிஜிஸ்டர்ல எழுதுங்க, சிஸ்டர். நான் வண்டியைப் பத்தித்தான் எழுதணும். வண்டி போகலை."

நான் கெஞ்சினேன். பிறகு திட்டினேன். உங்க நேர்மையைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்துல போடுங்க என்றுகூடச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் நாற்பத்தாறு என்றுதான் எழுதினார். 'வண்டி சென்றடைந்ததா' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதி, வழக்கம்போல மை காய ஊதினார்.

மறுநாள் மெக்கானிக் ஒரு பக்கக் கன்னம் வீங்கி வந்தார். பத்தே நிமிஷத்தில் ஐந்து டயருக்கும் எண் சுட்டுவிட்டார். பத்து நிமிஷம். ரப்பர் கருகிய நாற்றம் என் அறைவரை வந்தது, நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடுத்த மாதப் பட்டியலில் மலைமேல் மையம் இல்லை. அதிகாரியிடம் ஊசி ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் விரித்துவைத்தேன். ஐம்பத்தெட்டு பெயர், ஐம்பத்தெட்டு கைநாட்டும் கையெழுத்தும். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைதான், சிஸ்டர். ஆனா இது வேற செக்‌ஷன் ரிஜிஸ்டர். மையத்தை எடுக்கறது டிரிப் ஷீட்டை வெச்சு" என்றார். அன்று நான் பேசிய பேச்சுக்கு எனக்கு ஒரு மெமோ வந்தது. என் பீரோவில் இருக்கிறது.

இப்போது எங்கள் ஜீப்புக்கு இந்த ஆபீஸிலேயே நல்ல டயர். ஐந்தும் ஒரே ரகம். பட்டியலில் இல்லாத மையத்துக்கு வண்டி ஏறக் கூடாது, ஓடுவதெல்லாம் தார் ரோட்டில். இரண்டாவது புதன்கிழமை அடிவாரத்தில் ஜீப்பை நிறுத்தி, இறங்கி வருகிறவர்களுக்கு ஊசி போடுகிறோம். முதல் மாதம் இருபத்தாறு பேர் வந்தார்கள், போன மாதம் பத்தொன்பது. டயரின் நடுவில் இருந்த ரப்பர் மயிர் ரோட்டில் தேய்ந்து போய்விட்டது. சேற்றுக்காக விட்ட ஓரத்து இடைவெளிகளில் மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

போன புதன்கிழமை அந்த அம்மா வந்தாள். ஏழு கிலோமீட்டர் இறங்கிய களைப்பில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஜீப் நிழலில் உட்கார்ந்தாள். ஊசி போட்டு முடித்த பிறகு சக்கரத்தைப் பார்த்தாள், கையை வைத்துத் தடவினாள்.

"புது டயரா அண்ணே? இது மேல ஏறுமே?"

"ஏறும்மா" என்றார் காத்து அண்ணன். என் பக்கம் திரும்பினார், நான் பெட்டியை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்து, அவள் கை வைத்திருந்த சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலை ஆறே முக்காலுக்குப் பார்த்த காற்றை மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார்.