லுஹர்ப் பிறையும் காற்றுப்பெட்டியும்

எனக்கு மூத்தவளான ராத்தா சித்திலைலாவைக் கலியாணம் முடித்து வந்த கச்சிமுகம்மது மச்சான், வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு மோட்டார் சைக்கிளும் கொண்டுவந்தார். பெட்டிக்குள் உடுப்பு இருக்கும் என்று உம்மா நினைத்தார். திறந்து பார்த்தால் முழுக்க ஸ்பானர். சாய்ந்தமருதில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவரோடு என்னென்ன வருகிறதோ அதையும் நாங்கள் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

மோட்டார் சைக்கிள், யுத்தத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போனது. மச்சான் கல்லோயா அணைக்கட்டு வேலையில் நாலு வருடம் பெரிய இயந்திரங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அணை முடிந்ததும் வேலையும் முடிந்தது. பிறகு எங்கள் வீட்டு வளவு வேப்பமரத்தின் கீழே நெல் மில் எஞ்சின்களையும் தண்ணீர்ப் பம்புகளையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பெரியபிள்ளையான பிறகு வளவைத் தாண்டியதில்லை. அடுக்களைக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் ஒரு தென்னங்கிடுகு மறைப்பு இருந்தது. அதில் ஒரு ஓட்டையும் இருந்தது. எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓட்டை வழியாக வந்ததுதான். பள்ளிவாசல் முற்றமும் எங்கள் வளவும் ஒரே வேலி. அந்தப் பக்கத்திலும் ஓட்டைக்குக் குறைவில்லை.

எங்கள் பள்ளிவாசலில் பிறைக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். மேற்கே மலைப்பக்கம் மேகம் மப்புப் போட்டுப் பெருநாள் பிறை தெரியாவிட்டால், தெற்கே நாற்பது மைலில் இருக்கிற பொத்துவிலில் பிறையைக் கண்டவர்கள் கையெழுத்து வைத்த கடிதம் வரவேண்டும். கொழும்பு றேடியோ சொன்னால் சேராது. தந்தியும் சேராது.

"பெட்டிக்குக் கண் இரிக்கா, பிறை பாக்க?" என்று பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைமை மரைக்கார் ஜவுபர் கேட்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஐம்பத்து நாலாம் ஆண்டு நோன்பில், கடிதம் கொண்டுவர மச்சானை அனுப்பினார்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற மருமகன் ஊரில் இருக்கும்போது மிதிசைக்கிள்காரனை ஏன் அனுப்பவேண்டும் என்று சொல்லி, மரைக்காரே முதுகில் தட்டி வழியனுப்பினார். பொத்துவிலில் பிறை கண்டார்கள். கடிதமும் கொடுத்தார்கள். வரும் வழியில் கோமாரிக்கு இப்பால் மணல் மூடிய பாதையில் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. மச்சான் மோட்டார் சைக்கிளை விடியும்வரை தள்ளினார், விடிந்த பிறகும் தள்ளினார்; மணலில் அன்றைக்குப் பஸ்ஸும் வரவில்லை. மறுநாள் நடுப்பகல், லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில், தலை முழுக்க மணலோடு பள்ளி முற்றத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் ஊர் முழுவதும் முப்பதாவது நோன்பில் இருந்தது. பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹறாம்.

அறியாமல் பிடித்ததற்குக் குற்றமில்லை என்று தொழுவிக்கிற லெப்பை சொன்னார். ஆனால் யாருக்காவது குற்றம் இருக்கத்தானே வேண்டும்? அன்றைக்கே மச்சானுக்குப் பெயர் விழுந்தது: லுஹர்ப் பிறை.

எங்கள் ஊரில் வளவு பெண்பிள்ளைக்குப் போகும். பட்டப்பெயர் எல்லாப் பிள்ளைக்கும் போகும். ராத்தா அப்போது ஏழு மாதம்.

"இஞ்ச பாருங்க," என்றாள் ஒரு நாள், மச்சானுக்குச் சோறு வைத்துக்கொண்டே. "புள்ள பிறந்தா லுஹர்ப் பிறைட மகன் எண்டுதான் கூப்பிடுவானுகள். அவன்ட பேரனையும் அப்பிடித்தான் கூப்பிடுவானுகள். புள்ள நடந்து தெருவுக்கு இறங்கமுதல் இந்தப் பேரை அழிச்சித் தாங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம்."

மச்சான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய் எஞ்சினைக் கழற்றினார்.

அவரிடம் கல்லோயாவில் ஒரு அமெரிக்க எஞ்சினியர் எறிந்துவிட்டுப் போன புத்தகத்தின் நாலு தாள் இருந்தது. படத்தைப் பார்த்து அவருக்கு எல்லாம் விளங்கும், எழுத்துத்தான் விளங்காது. பக்கத்து ஊர்க் காரைதீவு இராசதுரை வந்து வாசித்துச் சொன்னார். இராசதுரை நெல் மில்லில் கடைச்சல் இயந்திரம் ஓட்டுகிறவர். இங்கிலீசும் தெரியும், வாயும் சும்மா இராது. மச்சானை எங்கள் பேச்சில் அண்ணனைக் கூப்பிடுவது போலக் காக்கா என்பார்.

"இது சுப்பர்சார்ஜர், காக்கா. எஞ்சின் தானா இழுக்கிற காத்துப் போதாதாம். இந்தப் பெட்டி காத்தையும் பெற்றோலையும் அமத்தி உள்ளுக்கு அனுப்புமாம். எங்கட மாமி வாயில சோறு தீத்திற மாதிரி. வேணுமோ வேணாமோ எண்டு கேக்கிறதில்ல."

"அதுதான் வேணும் அண்ணன். மணல்ல அதுக்கு மூச்சுக் காணாது."

காற்றுப்பெட்டி திருகோணமலையில் பழைய இரும்பு விற்கிறவனிடம் கிடைத்தது. உடைத்த விமானம் ஒன்றின் உள்ளே, மேலே பறக்கிறவர்கள் மூச்சு விடுவதற்குக் காற்று ஊதிய பெட்டியாம் அது. மச்சான் அதைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். உள்ளே இரண்டு உருளைகள், ஒன்றை ஒன்று தொடாமல் சுற்றின. ராத்தாவுக்குப் பிள்ளை பிறந்ததும் அந்தக் கிழமைதான். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

முதலில் ராத்தாவின் தையல் மிஷின் வாரை எடுத்துப் பெட்டியை ஓட்டிப் பார்த்தார். வார் அறுந்து பறந்தது. கோழிகள் மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு இராசதுரை பல்லுச் சக்கரம் இரண்டு கடைந்து கொடுத்தார். எஞ்சின் சுற்றும்போது சங்கிலி வழியாகப் பெட்டியும் சுற்றியது. காபரேற்றரைக் கழற்றிப் பெட்டியின் வாயில் வைத்தார். பெட்டியிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய் போட்டார். அதிகக் காற்றுப் போனால் எஞ்சினுக்குள் அமுக்கம் கூடித் தலை பிளக்கும், ஆகையால் சிலிண்டரைக் கொஞ்சம் உயர்த்தி அடியில் ஒரு தகடு வைக்கவேண்டும் என்று தாளில் இருந்தது. நல்ல பித்தளைத் தகடு தேடினார். பத்து நாள் கழித்து உம்மா பித்தளை வெற்றிலை வட்டாவின் அடியைத் தேடினார்.

"வட்டாட அடி எங்க மருமகன்?"

"எஞ்சினுக்கு அடியில மாமி."

உம்மா அதற்குப் பிறகு வெற்றிலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். வெற்றிலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தட்டை மட்டும் காட்டினார்.

முதலாவது ஓட்டத்தில் எஞ்சின் பின்பக்கமாக வெடித்தது. குழாய் கழன்று மற்றப் பக்க வேலிக்கு மேலாகப் போய், அடுத்த வளவில் இருந்த ஜவுபர் மரைக்காரின் கிணற்றில் விழுந்தது. மரைக்கார் வாளி போட்டு எடுத்துத் தாமே கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ன மகன் இது?"

"எஞ்சினுக்குக் காத்து ஊதுற குழாய் மாமா."

"காத்து எல்லாருக்கும் அல்லாஹ் குடுத்ததுதானே. இதுக்கு மட்டும் ஏன் ஊதிக் குடுக்கணும்?"

மச்சான் விளக்கம் சொல்லத் தொடங்கினார். மரைக்கார் பாதியில் அஸர்த் தொழுகைக்குப் போய்விட்டார். அதன் பிறகு மச்சான் மில் கொதிகலனில் இருந்து ஒரு சின்ன வால்வைக் கழற்றிக் குழாயில் பூட்டினார். வெடித்தால் அது வாயைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். பெற்றோலில் ஒரு கரண்டி எண்ணெய் கலந்தார். அடுத்த முறை உதைத்தபோது எஞ்சினின் சத்தத்துக்கு உள்ளே இன்னொரு சத்தம் கேட்டது, ஊதல் போல மெல்லியதாக. கடற்கரை மணலில் இராசதுரையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓடினார். இராசதுரை திரும்பி வந்தபோது சால்வை இல்லை. எங்கே விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

அடுத்த வருட நோன்பிலும் மேற்கே மப்பு. மச்சான் தானாகப் போய் நின்று, இந்த முறையும் தன்னையே அனுப்பச் சொன்னார். பள்ளியில் சிரித்தார்கள். வேறு ஆள் முன்வராததால் அனுப்பினார்கள்.

இஷா தொழுகை முடிந்து, அடுத்த நோன்புக்கான இரவுத் தொழுகை, தறாவீஹ் தொடங்க எழுந்து நின்றபோது அந்த ஊதல் சத்தம் தெருவில் கேட்டது. நான் வேலியோரம் ஓடினேன். ராத்தா பிள்ளையோடு என் பின்னால் வந்தாள். மச்சான் இறங்கி, சட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். முகத்தில் ஒரு துளி மணல் இல்லை.

மரைக்கார் கடிதத்தை விளக்கின் கீழே பிடித்து வாசித்தார். பிறகு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மறுபடியும் வாசித்தார்.

"பிறை கண்டது ஆறு முப்பத்தஞ்சு எண்டு போட்டிரிக்கி. நீ எத்தின மணிக்கு வெளிக்கிட்ட?"

"ஆறே முக்காலுக்கு மாமா."

"இப்ப ஏழு அம்பது. பஸ்ஸுக்கு மூணு மணித்தியாலம். அரசாங்க டீ.ஆர்.ஓ. ஐயாட காருக்கே ரெண்டு மணித்தியாலம். உனக்கு ஒரு மணித்தியாலமும் அஞ்சு நிமிசமுமா?"

"அதுக்குத்தான் மாமா அந்தக் காத்துப்பெட்டி…"

"பொறு மகன். நான் கணக்குப் பாத்துச் சொல்றன்." மரைக்கார் விரல் மடித்தார். "நீ வந்து சேர்ந்த நேரத்துல இருந்து மூணு மணித்தியாலம் பின்னுக்குப் போனா நாலு அம்பது. அஸர் நேரம். அஸர் நேரத்துல ஆருக்கும் பிறை தெரியாது. அப்ப இது பிறையைக் காணமுதல் எழுதின கடிதம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"போன முறை லுஹர்ப் பிறை, இந்த முறை அஸர்ப் பிறை!" என்று பின்வரிசையில் ஒருவர் சொன்னார். பள்ளிக்குள் சிரிக்கக் கூடாது என்பதால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மச்சான் வல்லாஹி என்று சத்தியம் பண்ணினார். சுணங்கி வந்து அவமானப்பட்டவன் கெதியாக வந்து பெயர் எடுக்கப் பார்க்கிறான், அது மனித இயல்பு என்று மரைக்கார் பெருந்தன்மையோடு சொன்னார். தறாவீஹ் தொழுதார்கள்.

மச்சானால் நோன்பு பிடிக்க முடியாது. பிறை கண்டது அவருக்குத் தெரியுமே. நாங்களும் அவரை நம்பினோம். காலையில் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ராத்தா பெருநாள் பலகாரமான வட்டிலப்பம் வைத்தாள். ஊரில் அன்று பெருநாள் கொண்டாடியது எங்கள் அடுக்களை மட்டும்தான், அதுவும் சத்தமில்லாமல். மச்சான் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"சரிதானே. இனி எனக்கு ரெண்டு பட்டப்பேரு," என்றார். ராத்தா பிள்ளையின் வாயில் கொஞ்சம் தடவினாள்.

ஒன்பது மணிக்கு முதல் பஸ் வந்தது. அதிலிருந்து புதுச் சாரனும் அத்தர் வாசனையுமாகப் பொத்துவில் ஆட்கள் நாலு பேர் இறங்கினார்கள். அவர்கள் பெருநாள் தொழுதுவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர்கள். ஊர் அவசரமாகத் தண்ணீர் குடித்து நோன்பை விட்டது, அவசரமாகத் தொழுதது. பிறகு மரைக்கார் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்க வருகிறார் என்று நினைத்து உம்மா பாய் விரித்தார்.

"நீ சொன்னது உண்மைதான் மகன்," என்றார் மரைக்கார். "ஆனா நம்புற மாதிரி வந்திரிக்கலாமே. ரெண்டாம் தரமும் ஊரைப் பெருநாள்ல நோன்பு பிடிக்க வெச்சிட்ட. அந்தப் பெட்டியைக் கழட்டு. அடுத்த முறை மனிசன் வாற மாதிரி வா."

அவர் போனபிறகு மச்சான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தின் கீழே போய்க் குந்தினார். பெட்டியின் ஒரு நட்டைத் தளர்த்தினார். பிறகு திரும்ப முறுக்கினார்.

மூன்றாம் வருடம் பிள்ளை நடக்கத் தொடங்கியிருந்தான். படலையைத் திறக்கவும் பழகிவிட்டான். அந்த நோன்பிலும் மேற்கே மப்பு. மச்சான் புறப்படும்போது எஞ்சினின் ஒரு பக்கத்தை மணலுக்காக என்று சாக்கால் கட்டியிருந்தார்.

அன்று நடந்ததை இராசதுரை பெருநாள் சாப்பாட்டுக்கு வந்தபோதுதான் சொன்னார். ஏழே முக்காலுக்கு முன்னமே மச்சான் காரைதீவில் அவருடைய முற்றத்தில் வந்து நின்றாராம். எஞ்சினை நிறுத்திவிட்டு, "அண்ணன், தேத்தண்ணி இரிக்கா?" என்று கேட்டாராம்.

"என்ன காக்கா, பிறை இல்லையா?"

"இரிக்கி. சட்டைக்குள்ள இரிக்கி. அது ஊருக்குள்ள போக இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடக்கு."

இராசதுரையின் மனைவி தேத்தண்ணியும் பிட்டும் கொடுத்தாராம். மச்சான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாராம்.

"நான் சொன்னன் தங்கச்சி," என்று மறைப்புக்கு இந்தப் பக்கம் இருந்த ராத்தாவிடம் இராசதுரை சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார், "உங்கட பெருநாள் எங்கட முத்தத்துல குந்தியிருந்து பிட்டுத் திண்ணுது. சாய்ந்தமருதுக்கு ஒரு மைல். அங்க எல்லாரும் நாளைக்கு நோன்போ எண்டு யோசிக்கிறாங்க. இஞ்ச எங்கட வீட்டு ஆடு மாட்டுக்கும் தெரிஞ்சு போச்சு!"

நேரம் நெருங்கியதும் இருவருமாக மோட்டார் சைக்கிளைத் தள்ளினார்களாம். ஊதல் சத்தம் முன்கூட்டிக் கேட்டால் கணக்குப் பிழைத்துவிடும். முதல் வருடம் ஓடாத எஞ்சினைத் தள்ளிக்கொண்டு வந்தவர், இந்த வருடம் நன்றாக ஓடுகிற எஞ்சினைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் தெரு மூலையில்தான் உதைத்தாராம்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் வேலியோரத்தில் நின்று பார்த்தேன். ஒன்பதே முக்காலுக்கு மச்சான் பள்ளி முற்றத்தில் இறங்கினார். புருவத்தில் மணல் இருந்தது. அது யார் வீட்டு முற்றத்து மணல் என்று அப்போது எனக்குத் தெரியாது. மரைக்கார் கடிதத்தை வாசித்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், விரல் மடித்தார். முகம் மலர்ந்தது. பெருநாள் தக்பீர் முழங்கியது.

"பெட்டியைக் கழட்டினதும் பாருங்க, எவ்வளவு சரியா வந்திரிக்கான்!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் மரைக்கார். "இனி ஆரும் இவனை லுஹர் எண்டோ அஸர் எண்டோ கூப்பிடப்படாது. இவன் எங்கட பிறை."

என் பக்கத்தில் ராத்தா பிள்ளையைத் தூக்கி வேலிக்கு மேலால் காட்டினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மரைக்கார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில், எஞ்சினின் சாக்குக் கட்டாத பக்கத்தில், சிலிண்டரின் மேல் உள்ளங்கையை நன்றாக ஊன்றிக்கொண்டார். நாற்பது மைல் ஓடிவந்த எஞ்சினில் யாரும் அப்படிக் கை வைக்க முடியாது, சுட்டுவிடும். மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வேலிப்பக்கம் என்னைப் பார்த்தார். நான் ஓட்டையை விட்டு விலகி வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி உடைக்கப் போனேன்.