பச்சை மூங்கிலில் கட்டிய வாசல்

போன மழையின்போது மாட்டுக்குக் கயிறு வாங்கச் சித்தூர் பஜாருக்குப் போனேன். கடைக்காரர் நைலான் கயிற்றை அளந்துகொண்டிருந்தார். மூலையில் ஒரு சாக்கிலிருந்து வாசம் வந்தது. நனைந்து, பாதி காய்ந்த நார்க் கயிற்றின் வாசம். உங்களுக்கு அது வெறும் சாக்கு நாற்றமாகத்தான் இருக்கும். நான் அந்த மூலைக்கே போய் நின்றுவிட்டேன்.

"அது பழைய சரக்குண்ணா. இப்போ எவன் கேக்கறான்?" என்றார் கடைக்காரர். ஒரு முழம் கேட்கலாமா என்று வாயெடுத்தேன். வழக்கம்போலக் கேட்காமல் வந்துவிட்டேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. ஒரு கல்யாணப் பந்தியில் குழம்பு கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்த ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைக் கேட்டுக் கோபப்படும்போது கொஞ்சமாவது நினைவில் இருக்கட்டும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சித்தூரில் ஒரு மூங்கில் டிப்போவில் வேலை. திருப்பதியில், அலிபிரி சாலையிலிருந்து விலகி, மலை முழுதாகத் தெரியும் ஒரு மைதானத்தில் சாரணர்களின் தேசிய முகாம். எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் வரப்போகிறார்கள். தண்ணீர், சமையல், கூடாரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது இருபது, இருபத்திரண்டு வயதுத் தலைவர்கள். மீசை முளைக்காத ஒருவன், தண்ணீர் லாரி ஓட்டும் நரைத்த தலைகளை விசில் ஊதி வரிசையில் நிறுத்தியதைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன்.

முகாமின் வாசலுக்கு மூன்று அடுக்கு மூங்கில் கோபுரம். ஆணி கூடாது, கம்பி கூடாது. கயிற்றால் மட்டுமே கட்ட வேண்டும். அது அவர்கள் சட்டம். திறப்பு நாளன்று அடுக்குக்குப் பத்துப் பிள்ளைகள் மேலே நின்று கொடி அசைக்க, கீழே விருந்தினர் நுழைவார். அதற்கான மூங்கிலோடுதான் முதலாளி என்னை அனுப்பினார், முகாம் முடியும்வரை அங்கேயே இருந்து அறுத்துக் கொடுக்கச் சொல்லி.

காய்ந்த மூங்கில் முழுக்க வேறொரு பந்தலுக்குப் போயிருந்தது. அன்று வந்திறங்கிய பச்சை மூங்கிலைத்தான் நான் லாரியில் ஏற்றினேன்.

"கேட்டா காஞ்சதுன்னு சொல்லு," என்றார் முதலாளி. "கேக்க மாட்டானுங்க. காலேஜு பசங்க."

அவர் சொன்னபடியே யாரும் கேட்கவில்லை. வாசல் வேலைக்குத் தலைவனான ஹர்ஷா, திருப்பதிப் பையன், லாரியைச் சுற்றி வந்து, தெலுங்கும் தமிழும் கலந்து, "எந்த பாகுந்தி! எவ்ளோ அழகா பச்சையா இருக்கு!" என்று மூங்கிலைத் தடவினான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டினான்.

இடது கை.

எனக்குக் காது சுட்டது. எங்கள் ஊரில் இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தால்கூட வாங்க மாட்டோம். கூலிக்காரனுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டான், வேறென்ன? லாரிக் கயிற்றை அவிழ்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன். பச்சை மூங்கிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வழியெல்லாம் மனதில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். அதை அங்கேயே விழுங்கிவிட்டேன். கட்டட்டும், எனக்கென்ன.

இரண்டு நாள் மழை. மழையிலேயே அவர்கள் நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கட்டு என்னவோ நல்ல கட்டுதான், ஊசி நுழையாது. அப்புறம் வெயில் வந்தது. பச்சை மூங்கில் வெயிலில் மெலியும். நனைந்து இறுகிய கயிறு காய்ந்தால் தளரும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அந்த மைதானத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தினமும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. முதலாளி முகமும் கண்ணில் வந்தது. சொன்னால் டிப்போவில் நான் இல்லை.

சமையல் கூடாரத்தைக் கவனித்தது சாலோமி. அவளும் அந்தத் தலைவர்களில் ஒருத்தி, சித்தூர் மிஷன் காம்பவுண்டுத் தமிழ்ப் பெண். அவள் ஒருத்திதான் என்னிடம் தெலுங்கு கலக்காமல் நம் பேச்சில் பேசுவாள். "இன்னாண்ணா, துன்னாம எழுந்துக்கினு போறீங்க? எங்க சாம்பாரு அவ்ளோ மோசமா?" என்பாள். நான் தலையைச் சொறிவேன்.

திறப்பு நாள் காலை, சாரணர் இயக்கத்து மூத்த அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். ஹர்ஷா விறைப்பாக சல்யூட் அடித்தான். பிறகு இடது கையை நீட்டினான். அந்தப் பெரிய மனிதரும் இடது கையை நீட்டி, இறுக்கிப் பிடித்துக் குலுக்கினார்.

நான் சாலோமி பக்கம் போனேன். "இன்னாம்மா, பெரியவருக்கே இடது கை குடுக்கறான்?"

"அதுவாண்ணா? அது எங்க வழக்கம். நெஞ்சு இந்தப் பக்கம்தான இருக்குது? எங்க ஆளுன்னு நெனச்சாத்தான் இந்தக் கை. மத்தவங்களுக்கு வெறும் வணக்கம்தான்."

முதல் நாள் என் முன்னால் நீண்ட கை நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள், இஸ்திரி போட்ட கழுத்துத் துணியோடு கோபுரத்தடியில் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம்.

"சாலோமிம்மா, அந்தப் புள்ளைங்கள ஏத்தாத," என்றேன். என் வாழ்நாளில் நான் சத்தமாகப் பேசியது அதுதான். "அது பச்ச மூங்கிலு, கட்டு தளந்துபோச்சு. நான்தான் லாரில ஏத்துனேன்."

அவள் விசில் ஊதினாள். ஹர்ஷா ஓடி வந்தான். கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "எனிமிதி ரோஜுலு, அன்னா! எட்டு நாள் இங்கதான இருந்தே? இப்ப சொல்றே?"

கோபுரத்தின் ஒரு கால் கட்டுக்குப் போய், கயிற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவில் என் கட்டைவிரலை விட்டேன். விரல் கணு வரை உள்ளே போனது. அவனும் தன் விரலை விட்டுப் பார்த்தான். திரும்பி மற்ற தலைவர்களைக் கூப்பிட்டான்.

தலைவர்கள் ஏழெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் கூடினார்கள். "மூணு மாச ஒத்திகைடி," என்று ஹர்ஷா சொல்வது கேட்டது. "புள்ளைங்க அழும்." "அழட்டும். கீழ நின்னு அழட்டும்," என்றாள் சாலோமி. அதோடு முடிந்தது.

கோபுரத்தைப் பிரிக்க நேரமில்லை. விருந்தினர் நுழையும்போது சாயாமலிருக்க, தளர்ந்த கட்டுகளில் ஆப்பு அடிக்கலாம் என்றேன். சமையலுக்கு வந்திருந்த பழைய மூங்கில் துண்டுகளைச் சீவிச் சீவிக் கொடுத்தேன். தலைவர்கள் சுத்தியலோடு ஏறினார்கள். பிள்ளைகளைச் சாலோமி தூரமாக நகர்த்தினாள். கீழ் அடுக்கு முடிந்தது. இரண்டாம் அடுக்கும் ஏறக்குறைய முடிந்தது. பாரம் குறைய, மேல் அடுக்கில் பரப்பியிருந்த பலகைகளைக் கழற்ற ஹர்ஷா போனான். தூரத்தில் விருந்தினர் காரின் சைரன் கேட்டது.

அப்போதுதான் அவன் நின்ற குறுக்கு மூங்கில், ஒரு பக்கம் மட்டும், கயிற்றோடு கீழே நழுவியது. அவசரமில்லாமல், உரசிக்கொண்டு, ஒரு முழம். சாலோமியின் விசில் வாயிலேயே நின்றுவிட்டது. ஹர்ஷா செங்குத்து மூங்கிலைக் கட்டிப்பிடித்தான். நழுவிய மூங்கில், நான் சீவிக் கொடுத்த கீழ்க் கட்டு ஆப்பில் முட்டி நின்றது.

"அசையாத," என்றேன். "காலால தேடு. கீழ மூங்கிலு இருக்குது. பாக்காத, தேடு."

தேடினான். கிடைத்தது. அவன் தரையைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் கார்கள் வந்துவிட்டன. பிள்ளைகள் வாசலின் இருபுறமும் தரையில் நின்று கொடி அசைத்தார்கள். இரண்டு பேர் அழுதுகொண்டே அசைத்தார்கள். விருந்தினர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ மெச்சிச் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். மேலே முப்பது பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

கூட்டம் கலைந்த பிறகு ஹர்ஷா என்னிடம் வந்தான். முழங்கையில் சிராய்ப்பு. எதிரில் நின்றான், கையை மட்டும் நீட்டவில்லை. முதல் நாள் நான் திரும்பிக்கொண்டது அவனுக்கு மறக்கவில்லை போலிருக்கிறது. என் கையெல்லாம் மூங்கில் சிலாம்பு. சட்டையில் துடைத்துக்கொண்டு, நானே இடது கையை நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

டிப்போவுக்குத் திரும்பியபோது முதலாளி என் பையை வெளியே வைத்திருந்தார். அந்த டிப்போ இப்போது இல்லை. அங்கே செல்போன் கடை. மைதானம் வீட்டு மனைகளாகிவிட்டது. வாசல் என்று இன்று எங்கே பார்த்தாலும் இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் பேனரும்தான். முடுக்கினால் முடுக்கியபடி இருக்கும், எந்த வெயிலுக்கும் தளராது. நல்லதுதான்.

எத்தனையோ பேர் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். அந்தக் கையை மட்டும் அதன் பிறகு யாரும் நீட்டவில்லை.