கெடாயைப் பிடித்துப்போன கும்பினி

நாற்பதுகளின் தொடக்கம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. நாமக்கல் ரோட்டில் புதுச்சத்திரத்துக்கு மேற்கே இரண்டு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அங்கே அஞ்சாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்பிள்ளைகள் மூன்றே பேர். அதில் எனக்குத்தான் வாய் ஜாஸ்தி. ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வேன். கூடவே கொஞ்சம் உப்பு, காரமும் சேர்த்துச் சொல்வேன். அந்த உப்பு காரம்தான் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டது.

எங்கள் வாத்தியார் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. மனைவியோடும் இரண்டு கைக்குழந்தைகளோடும் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தார். அந்த வருஷம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் அவருக்கு வேலை நிரந்தரமாகும். இது ஊருக்கே தெரியும். பிள்ளைகள் எங்களுக்கும் தெரியும்.

சரித்திர பாடத்தை அவர் இரண்டாக நடத்துவார். முதலில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரர் வந்தார்கள், சண்டை ஓய்ந்தது, ரயிலும் தபாலும் வந்தன என்று எங்களை வரிவரியாகப் படிக்கச் சொல்வார். பிறகு புத்தகத்தை மூடி மேஜைமேல் வைப்பார். உடனே நாங்கள் எல்லாரும் எங்கள் புத்தகங்களை மூடி மடிக்கு அடியில் தள்ளிவிடுவோம். அதற்கப்புறம் வருவது வேறு சரித்திரம். துணி வாங்கக் கப்பலில் வந்த கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் முதலில் விலை பேசினான், பிறகு தராசைத் தன் கையில் வாங்கிக்கொண்டான், கடைசியில் தறிக்காரனையே கட்டிப்போட்டான் என்று சொல்லுவார். மூடின புத்தகத்துப் பாடம் இந்த வகுப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்பது அவர் போட்ட ஒரே சட்டம். நாங்கள் பெற்றவர்களிடம்கூட மூச்சு விட்டதில்லை.

ஆனால் எங்களுக்குப் புரிந்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். இருநூறு வருஷத்துக் கதை என்று எங்களுக்கு எங்கே தெரியும்? கும்பினிக்காரன் என்றால் சந்தைக்கு வருகிற தரகன் மாதிரி ஒரு ஆள், எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நினைத்திருந்தோம். அந்த வருஷம் ஆடி மாதத்துக்கு முன்னால், ஊருக்குத் தலைவரான மணியக்காரரின் ஆட்கள் யுத்த நிதிக்கு என்று சொல்லி, மாரியம்மனுக்கு நேர்ந்து விட்டிருந்த எங்கள் மேச்சேரி ஆட்டுக் கெடாயை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். அப்பா விலகி வழி விட்டார். நான் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. கெடாயைக் கொண்டுபோனதும் கும்பினிதான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நாங்கள் பயந்த மாதிரி இல்லை, சிரித்த முகம். கணக்கு கேட்டார், செய்யுள் கேட்டார், எல்லாம் நன்றாகவே போயிற்று. சரித்திரத்துக்கு என்னை எழுப்பினார். நான் புத்தகத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து வந்து புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, மூடி, மேஜைமேல் வைத்தார். பாராமல் சொல்லு என்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்கோ புத்தகம் மூடியாகிவிட்டது என்றால் ஒரே அர்த்தம்தான். வகுப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்பதும் ஞாபகம் இருந்தது. அவர் வகுப்புக்கு உள்ளேதானே உட்கார்ந்திருக்கிறார்? புத்திசாலி நான், அதையும் யோசித்தேன்.

சொன்னேன். கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, தராசு, தறி எல்லாம் சொல்லி முடித்து, இப்போதும் அந்தக் கும்பினிக்காரன்தான் மணியக்காரர் வீட்டு ஆட்களை ஏவிவிட்டு யுத்தத்துக்கு என்று எங்கள் கெடாயைத் திருடிக்கொண்டு போனான் என்று என் சரக்கையும் சேர்த்துவிட்டேன். வாத்தியார் கரும்பலகைப் பக்கம் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"ரொம்ப நல்லா சொன்னேம்மா. ஆட்டைப் பிடிச்ச கதையும் வாத்தியார் சொன்னதுதானா?" என்று கேட்டார்.

வாத்தியாருக்கு நல்ல பேர் வாங்கித் தருகிறேன் என்கிற நினைப்பு எனக்கு. "ஆமாங்க. எல்லாம் எங்க வாத்தியாருதானுங்க சொல்லிக் குடுத்தாரு" என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

பத்து நாளில் விசாரணை என்று கடிதம் வந்தது. பழைய கதையைச் சொன்னதற்குக் கண்டித்து விட்டுவிடுவார்களாம். யுத்த நிதியைத் திருட்டு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்குத்தான் வேலை போகும் என்று பேசிக்கொண்டார்கள். அதை அவர் சொல்லவே இல்லை என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். முக்கியமாக எனக்குத் தெரியும்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "குழந்தை நாளைக்கு வந்து, ஆட்டுக் கதை வாத்தியார் சொன்னதில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்ங்க. மத்ததுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். என் மகள்தான் சொன்னாள் என்றால் அது மணியக்காரர் காதுக்குப் போகும், கெடாயோடு நிற்காது, நிலம் வரைக்கும் வரும் என்று அப்பாவுக்குப் பயம்.

"எங்களை உட்டுருங்க சாமி. நாங்க இந்த ஊர்லயே பொழைக்கோணும்" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். நான் வாரேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அப்பா அடித்திருப்பார், அவ்வளவுதான். வகுப்பில் அத்தனை நீளமாக அளந்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. வாத்தியார் ஒரு நிமிஷம் கதவைப் பார்த்தார். என் பாவாடை தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிறகு போய்விட்டார். விசாரணையில் அவருக்கு வேலை போயிற்று. அந்த மாதக் கடைசியில் ஒரு கட்டை வண்டியில் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊரைவிட்டே போனார். தெருவில் ஒருவர்கூட வெளியே வரவில்லை. வெட்கம் கெட்ட தெரு. நானும் அதில் ஒருத்தி.

சுதந்திரம் வந்த அன்று அதே பள்ளிக்கூடத்து வாசலில் அதே மணியக்காரர்தான் கொடி ஏற்றினார். கும்பினிக்காரன் நம்மை எப்படிச் சுரண்டினான் என்று அரைமணி நேரம் பேசினார். கதர்த் துண்டு வேறு. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் கையை நீட்டி மிட்டாய் வாங்கித் தின்றேன்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கல்யாணமான புதிதில், சேலை எடுக்க ஜலகண்டாபுரம் போனோம். ஒரு தறிக்கூடத்தில் மூலையில் உட்கார்ந்து தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் எங்கள் வாத்தியார் என்று தெரிந்துவிட்டது. தலை பாதி நரைத்திருந்தது. கிட்டே போய் ஊர்ப்பேரைச் சொல்லி, நான்தான் இன்னார் மகள் என்றேன். ராட்டையை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியுது. நல்லா பேசுற பொண்ணு" என்றார்.

மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. பெரிய குழந்தை அம்மையில் போய்விட்டது, ஊர் ஊராகத் திரிந்த வருஷத்தில் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். விலாசம் சொல்லுகிற மாதிரி சொன்னார். "போம்மா, ஊட்டுக்காரர் காத்திருக்காரு" என்று மறுபடியும் தாரைச் சுற்ற ஆரம்பித்தார். நான் சேலை எடுக்காமலே திரும்பினேன்.

இத்தனை கோடிப் பேர் இருந்த தேசத்தைக் கப்பலில் வந்த ஒருசில பேர் எப்படிப் பிடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் கேட்கிறார்கள். அப்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நின்ற என்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.