ஆயாம்மாவை அழைக்காத பயிற்சி

நான் நடத்திய முதல் பயிற்சியில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் பத்துக்கு இரண்டு. மதிப்பெண் போட்டவர்கள் என்னிடம் பயிற்சி பெற வந்தவர்கள். போடச் சொன்னதும் நான்தான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மேற்பார்வையாளர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று அதை எழுதி வைக்கிறேன்.

1. கையேடு

நான் அங்கன்வாடி மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் செங்கத்துக்குப் பக்கம். வேலையின் பெரும்பகுதி மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலேயே கழிந்தது. ஓய்வுக்கு ஆறு வருடம் இருக்கும்போது ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தது. காவலூர்ப் பக்கத்து மையங்கள் என் பொறுப்பு.

நான் மலைக்குப் போன மூன்றாம் மாதமே, முன்பருவக் கல்விக்குப் புதிய பயிற்சி என்று உத்தரவு வந்தது. முதலில் எங்களைப் போன்றவர்களைக் கீழே ஊருக்கு வரவழைத்து ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி தரப்போகிறவர்களுக்கான பயிற்சி; அதை டி.ஓ.டி. என்போம். நாங்கள் திரும்பிப் போய் எங்கள் பகுதி டீச்சர்களுக்கு மூன்று நாள் சொல்லித்தர வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரை ஊரில் எல்லோரும் டீச்சர் என்பார்கள். சமைத்து, கழுவி, குழந்தைகளைக் கூட்டிவரும் உதவியாளரை ஆயாம்மா என்பார்கள், வயது முப்பதானாலும். உத்தரவில் டீச்சர்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

ஐந்து நாள் முடிந்து திரும்பும்போது என்னிடம் ஒரு கையேடு, ஒரு துணிப்பை நிறைய கைப்பொம்மைகள், ஒரு விசில், அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை ஆகியவை இருந்தன. கையேட்டில் ஒரு கவனிப்புப் படிவம் உண்டு. புதிதாக வந்த குழந்தை அழும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று பார்த்துப் பத்துக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று குறிக்க வேண்டும். குழந்தையின் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசுகிறாரா? பொய் சொல்லாமல் இருக்கிறாரா? தின்பண்டம் காட்டாமல் சமாதானம் செய்கிறாரா? பயமுறுத்தாமல் இருக்கிறாரா? இப்படிப் போகும்.

திட்ட அலுவலர் அனுப்பும்போதே ஒன்று சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் நேரில் வந்து பார்ப்பாராம். சரியாக நடக்கவில்லை என்றால் அடுத்த தடவையிலிருந்து மலைப் பயிற்சி கிடையாது, டீச்சர்கள் ஊருக்கு இறங்கிவந்து தங்கிப் படிக்க வேண்டும். இதைக் கேட்டதும் எங்கள் டீச்சர்கள் முகம் மாறிவிட்டது. பாதிப் பேருக்குக் கைக்குழந்தை. ஜீப் கிடைத்து, பஸ் பிடித்து, மூன்று நாள் வீட்டை விட்டுப் போவது அவர்களுக்கு லேசான காரியம் இல்லை.

நான் கவலைப்படவில்லை. என்னிடம்தான் கையேடு இருந்ததே.

2. பத்துக்கு இரண்டு

முதல் நாள் பேச்சிலேயே போனது. பதினெட்டு டீச்சர்கள் பவ்வியமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள், பிஸ்கட் காட்டாதீர்கள் என்று நான் அடித்துப் பேசினேன். செல்வி என்ற டீச்சர் மட்டும், நேரில் ஒரு தடவை செய்து காட்டினால் நன்றாக இருக்கும் மேடம் என்றாள். நான் உடனே ஒப்புக்கொண்டேன். மறுநாள் அவளுடைய மையத்திலேயே டெமோ என்று முடிவானது.

செல்வியின் மையத்தில் அன்று புதிதாக ஒரு பெண் குழந்தை சேர்ந்திருந்தது. பூங்கொடி, மூன்று வயது. அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டுக் கொல்லை வேலைக்குப் போய்விட்டாள். குழந்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு, மலை அதிர அழுதுகொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கையேட்டில் இருந்த அதே நிலைமை.

பதினெட்டு டீச்சர்களும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு படிவம், ஆளுக்கொரு பேனா. நான் முன்னால் போனேன்.

கண்மட்டத்துக்குக் குனிய வேண்டும் என்று குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். குழந்தை இரண்டடி தள்ளிப் போனது. நானும் உட்கார்ந்தபடியே வாத்து மாதிரி நகர்ந்தேன். அது கேட்டின் மறுபக்கம் போனது. பாட்டுப் பாடினேன். அழுகை என் பாட்டை விட ஒரு கட்டை மேலே ஏறியது. எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி பிடித்துக்கொண்டது. இரண்டு டீச்சர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். தூக்கிவிட்டுப் போய் மறுபடி வரிசையில் நின்று பேனாவை எடுத்துக்கொண்டார்கள்.

வலியில் எனக்குக் கையேடு மறந்துவிட்டது. "அயுவாத கண்ணு, அம்மா இதோ இப்ப வந்துடும்" என்றேன்.

பதினெட்டுப் பேனாக்களும் ஒரே நேரத்தில் குறித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு பிஸ்கட். பஸ்ஸில் தின்பதற்கு என் கைப்பையில் வைத்திருந்தது. குழந்தை அதை வாங்கித் தரையில் போட்டுவிட்டு அழுதது. மறுபடி பேனாக்கள்.

கடைசி ஆயுதமாகத் துணிப்பையில் கைவிட்டேன். வந்தது கரடி. கீழ்நாட்டுப் பயிற்சியில் அந்தக் கரடிப் பொம்மைக்குத்தான் கைதட்டல் அதிகம். நானும் கையில் மாட்டி, உர் என்று குரல் கொடுத்தேன்.

இந்த மலையில் பலாப்பழக் காலத்தில் கரடி வீட்டுக் கொல்லைக்கே வரும் என்பது எனக்குத் தெரியாது. பூங்கொடியின் அப்பாவைப் போன வருடம் கரடி துரத்தியிருந்தது என்பதும் தெரியாது. குழந்தை ஒரு நொடி அழுகையை நிறுத்தியது. அப்புறம் போட்ட கூச்சலில் உள்ளே அமைதியாக விளையாடிக்கொண்டிருந்த பதினான்கு பிள்ளைகளும் வெளியே வந்து பார்த்து, மொத்தமாக அலறிக்கொண்டு மையத்துக்குப் பின்னால் ஓடினார்கள். டீச்சர்கள் படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். எனக்கே திக்கென்றுதான் இருந்தது மேடம் என்று ஒரு டீச்சர் பிறகு ஒத்துக்கொண்டார்.

ஓடிய பிள்ளைகளை எல்லாம் பிடித்து உள்ளே கொண்டுவந்த பிறகு படிவங்களை வாங்கிப் பார்த்தேன். ஒருவரும் எனக்காக இரக்கப்பட்டிருக்கவில்லை. நான் குனிந்ததைக்கூடத் துரத்தியதாகக் கணக்கில் வைத்து, இல்லை என்று குறித்திருந்தார்கள். பத்துக்கு இரண்டு. ஒன்று, நேரத்துக்கு வந்ததற்கு. இன்னொன்று, குழந்தையை அடிக்காததற்கு.

3. அஞ்சலை முட்டை உரித்தது

அந்த மையத்து ஆயாம்மா பெயர் அஞ்சலை. சோறு வடித்துவிட்டு, அவித்த முட்டைகளை ஒரு குண்டானில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பூங்கொடி இன்னும் கேட்டருகே விசும்பிக்கொண்டிருந்தது. அஞ்சலை அதன் பக்கமே திரும்பவில்லை. சற்றுத் தள்ளிப் படியில் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்து முட்டை உரிக்க ஆரம்பித்தாள். உரிக்கும்போது முட்டையைத் திட்டினாள். இது ஓடு விடமாட்டேங்குது, இதுக்கு ரொம்பத்தான் திமிர் என்று ஒவ்வொரு முட்டையாக ஏசிக்கொண்டே போனாள்.

விசும்பல் நின்றது. குழந்தை ஒரு அடி வந்தது. அஞ்சலை பார்க்கவில்லை. இன்னொரு அடி. கடைசியில் குண்டானுக்கு இந்தப்பக்கம் வந்து நின்றது. அஞ்சலை தலையைத் தூக்காமல் ஒரு முட்டையை அதன் பக்கம் உருட்டிவிட்டாள். பூங்கொடி உட்கார்ந்து உரித்தது. ஓட்டோடு பாதி முட்டையும் போனது. அஞ்சலை அடுத்த முட்டையை எடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை கேட்டது: "அம்மா எப்போ வரும்?"

"சோறு துன்னுட்டு, ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா வரும்" என்றாள் அஞ்சலை. பொய் இல்லை. அம்மாக்காரி அன்று அப்படித்தான் வந்தாள்.

சுவரோரம் நின்று பதினெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு டீச்சர் கை தூக்கி, முட்டை காட்டியது தின்பண்டக் கேள்வியில் வருமா மேடம் என்று சந்தேகம் கேட்டார். அரைமணி நேரம் அதை விவாதித்தோம். தின்னக் கொடுக்கவில்லை, வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள், ஆகவே வராது என்று தீர்ப்பானது.

நான் அடுப்படிக்குப் போய் அவளிடமே கேட்டேன். எப்படிச் செய்தாய் என்று.

"நான் இன்னா மேடம் செஞ்சேன், முட்டை உரிச்சேன்" என்றாள். நான் விடாமல் நின்றதும் யோசித்துச் சொன்னாள். "அதுக்கும் நமக்கும் பயக்கம் இல்லீங்க. பயக்கம் இல்லாதவங்க கிட்டக்க கிட்டக்க வந்தா எனக்கே புடிக்காது. அதான், அதுவா நம்மள பாக்கட்டும்னு வுட்டுட்டேன்."

ஐந்து நாள் டி.ஓ.டி.யில் இதை யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. நீ பயிற்சிக்கு எங்காவது போயிருக்கிறாயா என்று கேட்டேன். பதினொரு வருட வேலையில் ஒருமுறைகூட இல்லை என்றாள்.

"ட்ரெய்னிங் டீச்சருக்குத்தானே மேடம். அன்னிக்கு சென்டர தொறந்து கொயந்தைங்கள பாத்துக்கிறது நாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னாள். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில், டீச்சர்கள் பிள்ளைகளைப் பற்றிப் படிக்கப் போன ஒவ்வொரு நாளும் அந்தப் பிள்ளைகள் எல்லாம் நாங்கள் அழைக்காத ஒருத்தியிடம்தான் இருந்திருக்கிறார்கள். ஆயிரம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

4. அலுவலருக்கு வந்த மதிப்பெண்

மறுநாள் அலுவலர் வரும் நாள். அஞ்சலையே செய்து காட்டட்டும் என்று முடிவு செய்தேன். அவள் மாட்டேன் என்றாள். ஆபீசர் முன்னால் வாய் வராதாம். வாயே வேண்டாம், நேற்று மாதிரி முட்டை உரி போதும் என்றேன். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு முட்டை தரும் நாள் இல்லையே மேடம் என்றாள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்துப் பாவப்பட்டு, வீட்டுக்குப் போய் ஒரு கூடை மொச்சைக்காய் எடுத்துவந்தாள்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. அலுவலர் கண்டிப்பானவர். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் அஞ்சலையைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் மொச்சை உரிப்பதைப் பார்த்தார். பூங்கொடியும் அதில் இருந்தது. சமையல் வேலை முடியட்டும், வகுப்பு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டார்.

"ஆரம்பிச்சு இருவது நிமிஷம் ஆச்சு சார்" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அதற்குள் பிள்ளைகள் அவரைப் பார்த்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு ஜீப்பில் வருகிறவர் ஊசி போடத்தான் வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். பூங்கொடி முதல் குரல் கொடுத்தது. அலுவலருக்குச் சங்கடமாகிவிட்டது. நேராகக் குழந்தையிடம் போனார். நின்றபடியே கன்னத்தைத் தட்டி, மாமா ஒன்றும் செய்யமாட்டேன் என்றார். அழுகை கூடியது. அழுதால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று விளையாட்டாகச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாக்லேட் எடுத்தார்.

அப்போதுதான் கவனித்தேன். பதினெட்டுப் பேனாக்களும் ஓடிக்கொண்டிருந்தன. முந்தின நாள் பழக்கம். யாரும் சொல்லாமலே படிவத்தை எடுத்துவிட்டிருந்தார்கள்.

நான் கண்ணைக் காட்டினேன். யாரும் நிமிரவில்லை. அலுவலர் நிமிர்ந்தார். என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டார். செல்வி பயத்தில் எழுந்து நின்று படிவத்தையே அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார். மலைப் பயிற்சிக்கு இன்றோடு மங்களம் என்று நினைத்தேன்.

"எனக்கு மூணா?" என்றார்.

"எனக்கு நேத்து ரெண்டுதான் சார்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. சாக்லேட்டைப் பையில் போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளிடமிருந்து தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அஞ்சலை பேசாமல் ஒரு கை மொச்சைக்காயை அவர் முன்னால் வைத்தாள். அவர் உரிக்க ஆரம்பித்தார். வீட்டில் ஒருநாளும் உரித்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கொட்டையை விட்டுவிட்டுத் தோலைக் குண்டானில் போட்டுக்கொண்டிருந்தார்.

பூங்கொடிக்கு அது பொறுக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து குண்டானில் கையை விட்டுத் தோலை எடுத்துப் போட்டது. "இது இங்க இல்ல. அங்க போடு" என்றது.

அவர் சரி என்று அங்கே போட்டார். அது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று கடைசிவரை மேற்பார்வை செய்தது.

புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று. இந்த அம்மாவைப் பயிற்சிக்கு அழைத்தீர்களா என்று. உத்தரவில் இடமில்லை சார் என்றேன். இடம் நான் பார்க்கிறேன், அன்றைக்கு மையத்தை யார் பார்ப்பார்கள் என்று நீங்கள் எழுதிக்கொடுங்கள் என்றார். டீச்சர்கள் ஒருநாள், ஆயாம்மாக்கள் ஒருநாள் என்று மாற்றி மாற்றி வரலாம் என எழுதிக்கொடுத்தேன். பயிற்சியும் மலையிலேயே நிலைத்தது.

5. அஞ்சலையின் கேள்வி

இரண்டு மாதம் கழித்து ஆயாம்மாக்களுக்கு முதல் பயிற்சி. எல்லோரும் விசேஷத்துக்குப் போவது போல நல்ல சேலை கட்டி வந்தார்கள். பேனா ஒருவரிடமும் இல்லை. நான் கையேட்டைத் திறக்காமல், எனக்குக் கிடைத்த பத்துக்கு இரண்டை முதலில் சொல்லிவிட்டு, உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். பாட்டு வேண்டும் என்றார்கள். செல்போன் ஆப்பில் பிள்ளைகளின் எடையை ஏற்றத் தெரிய வேண்டும் என்றார்கள். கடைசியில் அஞ்சலை எழுந்தாள்.

"சில நாளு கொயந்த அயுதுக்குனே இருந்தா எனக்கு அடிக்கிற மாதிரி கோவம் வருது மேடம். அப்ப இன்னா பண்றது?"

மலையிலேயே குழந்தைகளிடம் கைராசிக்காரி என்று நாங்கள் நினைத்திருந்தவள் கேட்கிறாள். கையேட்டில் அதற்குப் பக்கம் இல்லை. எனக்கும் வரும், என் சொந்தப் பிள்ளையையே அடித்திருக்கிறேன் என்று சொன்னேன். பின்னால் இருந்து ஒருத்தி, எனக்கும்தான் என்றாள். பிறகு இன்னொருத்தி. மதியச் சோறு ஆறிப்போகும் வரை அதைப் பற்றித்தான் பேசினோம். வாசலுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது, கொஞ்ச நேரம் வேறொருவரிடம் குழந்தையைக் கொடுப்பது, முடியவில்லை என்று டீச்சரிடம் கூச்சப்படாமல் சொல்வது என்று அவர்களே வழிகள் சொன்னார்கள். நான் சார்ட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பயிற்சி நடத்திவிட்டேன். பயிற்சி என்பது தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வது என்று நினைத்துத்தான் மலையேறினேன். தன்னால் முடியாததை ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்வரை எந்தக் கூடத்திலும் பயிற்சி தொடங்கவில்லை என்று இப்போது சொல்வேன். அதைச் சொல்ல வைக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும். நாம் முதலில் சொல்லிவிட வேண்டும்.