ஸ்ராட்டருக்கு விட்ட எண்ணெய்

வாடகைக்கு ஹயர் கார் ஓடுகிறவரைக் கட்டினவளுக்கு ஒரு காதை எப்போதும் வாசலில் வைத்திருப்பதே தொழில். கார் வருகிற சத்தத்துக்கு உலை வைக்கவேண்டும். போகிற சத்தத்துக்குப் பயப்படத் தொடங்கவேண்டும். கார்க்காரரைக் கட்டிய சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

வளவுக்குள் ஓர் ஊளை

கலியாணம் கட்டித் தீவுக்கு, கரம்பொனுக்கு வந்து ஒன்றரை வருடம். பிள்ளைக்கு ஐந்து மாதம். ஒருநாள் இருட்டின பிறகு அவர் ஹயருக்கென்று இறங்கிப் போனார். எங்கள் முன்கதவுத் தாழ்ப்பாள் உப்புக்காற்றில் கறள் பிடித்துப் பாதியில் நிற்கும், தள்ள ஏலாது. வழக்கம்போலத் தையல் மெசினை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். உடனே வீட்டைச் சுற்றின வளவின் கோடியில் 'ஊய்ங்' என்று ஓர் ஊளை எழுந்து அடங்கியது. திரும்பவும் எழுந்தது. பிள்ளையோடு அலுமாரிக்குப் பின்னால் நின்று செபமாலையைத் தொடங்கிவிட்டேன்.

கதவைத் தட்டியது அவர்தான். காரைக் கிளப்புகிற ஸ்ராட்டரை இழுத்தால் ஊளைதான் வருகிறதாம், எஞ்சின் அசையவில்லையாம். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்பிடாதையும். பேயெண்டால் இவ்வளவுக்குள்ளை ஸ்ராட் ஆகியிருக்கும்."

ஞானத்தகப்பன்

மறுநாள் அல்லைப்பிட்டியில் ஒரு ஞானஸ்நானத்துக்கு ஹயர். முன்னால் செருகிச் சுற்றிக் கிளப்புகிற ஹாண்டில் எப்போதோ தொலைந்துபோனது. எங்கள் தீவிலோ கார் உருண்டு கிளம்ப ஒரு மேடு கிடையாது. அயலவர்கள் தள்ளி அனுப்பினார்கள். கோவிலடியில் நிறுத்தியவர் திரும்ப இழுத்தபோது அதே ஊளை. ஞானஸ்நானப் பிள்ளையும் பெண்களும் காருக்குள் இருக்க, வெள்ளை உடுப்போடு மணலில் நின்று தள்ளிய ஞானத்தகப்பன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்:

"பிள்ளைக்கு ஞானத்தகப்பன் எண்டுதானே கூப்பிட்டனியள், காருக்கும் எண்டு சொல்லேல்லையே."

நான் சொல்லாதது

பற்றறி செத்துவிட்டது என்று அவர் முடிவுகட்டினார். அதைக் கழற்றமுதல் விளக்கைப் போட்டு ஸ்ராட்டரை ஒருக்கால் இழுத்தார். கொட்டில் சுவரில் வெளிச்சம் கொஞ்சம்தான் மங்கியது. ஊளையும் உரமாக வந்தது. செத்த பற்றறி இவ்வளவு செய்யாதென்று கொன்வென்றில் விஞ்ஞானம் படித்த எனக்குத் தெரியும். மோட்டர் சுற்றுகிறது, எஞ்சினைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நான் வாய் திறக்கவில்லை. கார் படுத்திருந்தால் அவர் வீட்டில் இருப்பார். மூன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். நாலாம் நாள் அவர் பற்றறியைச் சார்ஜ் பண்ணி, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பற்றறி அசிட் பட்டு, அவரிடம் இருந்த ஒரே நல்ல காற்சட்டையில் ஓட்டைகள். கார் பிறகும் ஊளையிட்டது. அவர் படியில் குந்தியிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், விளக்கு அவ்வளவாக மங்காததையும், நான் ஏன் மறைத்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"முந்தியே சொல்லியிருந்தால் என்ர காற்சட்டையெண்டாலும் தப்பியிருக்கும்."

எண்ணெய்த் தகரம்

அடுத்த நாள் மெக்கானிக் இராசண்ணை வந்து ஸ்ராட்டரைக் கழற்றினார். எஞ்சினைப் பிடிக்க முன்னுக்குப் பாயவேண்டிய சின்னப் பற்சில்லு, எண்ணெயும் மணலும் சேர்ந்த கறுத்தக் களிக்குள் இறுகிக் கிடந்தது. ஆர் எண்ணெய் விட்டதென்று கேட்டார். தீவாருக்கு எதைக் கண்டாலும் உப்புக்காற்றுக்கு எண்ணெய் பூசுகிற பழக்கம். இவர் ஸ்ராட்டருக்கும் கிழமைக்கு ஒருக்கால் பூசியிருக்கிறார். இராசண்ணை சில்லை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டினார்.

"தம்பி, இது காஞ்சு கிடந்தாத்தான் ஓடும். எண்ணெய் மிஞ்சிக் கிடந்தால் வீட்டிலை கறள் பிடிச்சதுக்கு விடு."

கதவுக்கு வெளியே

இவர் என்னைப் பார்த்தார். நான் முன்கதவைப் பார்த்தேன். காருக்குள் கிடந்த எண்ணெய்த் தகரத்தை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளுக்கு விட்டு, தட்டித் தட்டி அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார்.

அன்று பொழுதுபட்டபின் ஹயர் வந்தது. ஒரே இழுவையில் கார் கிளம்பியது. போய்விட்டார் என்று நினைத்தேன். எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் கதவடியில் வந்து நின்றார்.

"உள்ளுக்காலை தாழ்ப்பாளைப் போடும், சத்தம் கேட்டிட்டுத்தான் போவன்."

ஒற்றை விரலால் தள்ளினேன், 'டக்' என்று விழுந்தது. கார்க்காரரைக் கட்டிய சகோதரிகளே, எண்ணெய்த் தகரம் காரில் இருக்குமட்டும் காரும் கிளம்பாது, கதவும் பூட்டாது.