வைகாசிக் காலையில் அருந்ததி

செங்கம் சாலையிலுள்ள விருந்தினர் விடுதியொன்றில் அறைகளைப் பார்த்துக்கொள்பவர் உண்ணாமலை. விரிப்பில் ஒரு சுருக்கம் தென்பட்டாலும் உதறி மீண்டும் விரிப்பார். கணவர் மூர்த்தி கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை பயிரிட்டவர். ஈராண்டுகளுக்கு முன்னர் மறைந்தார்.

திருவண்ணாமலையில் நடந்த திருமணத்தன்று, அம்மி மிதித்ததும் மூர்த்தி வானத்தைச் சுட்டி, “அருந்ததி தெரியுதா?” என்றார். காலை ஏழரை மணி. வெயிலில் கண் கூசிற்று. உண்ணாமலை தலையை ஆட்டிவைத்தார். மறுநாள் உண்மையைச் சொன்னபோது மூர்த்தி சிரித்தார்.

“நான் பாத்தேன். உனக்குத்தான் கண்ணு மந்தம்.”

அதன்பின் எந்தச் சச்சரவிலும் அதுவே அவருடைய வாதம். “பட்டப்பகல்ல நட்சத்திரம் பாத்தவன்டி நான். சாம்பார்ல உப்பு கம்மின்னு எனக்குத் தெரியாதா?”

உண்மையிலேயே பார்த்தாரா, விளையாட்டுக்குச் சொன்னாரா என்பதை மட்டும் மூர்த்தி கடைசிவரை சொல்லவில்லை.

சென்ற வாரம், மதிய ஓய்வில், விடுதி மேலாளர் சக்திவேல் கணினித் திரையில் வானத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“வானத்தைக் காட்டுற மென்பொருள்க்கா. எந்த வருஷத்து வானமும் வரும். நாளும் நேரமும் சொல்லுங்க.”

உண்ணாமலை தயங்காமல் திருமண நாளையும் நேரத்தையும் சொல்லி, அருந்ததியைக் காட்டச் சொன்னார். சக்திவேல் பகல் வெளிச்சத்தை நீக்கினார், விண்மீன்கள் நிறைந்தன. அருந்ததி அவற்றுள் இல்லை. தரையையும் நீக்கினார்.

“வடக்கால, தரைக்குக் கீழ இருக்குதுக்கா. அன்னிக்குக் காலைல யாருமே பாத்திருக்க முடியாது.”

“அடப் பாவி மனுசா! இத்தினி வருஷமா ஏமாத்திட்டாரே!”

உண்ணாமலை வாய்விட்டுச் சிரித்தார். இன்று வீட்டிற்குப் போனதும் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தார். அதன்பிறகே, வீட்டில் எவரும் இல்லை என்பது உறைத்தது.

திரைக்கு அருகில் வந்து, “எப்ப மேல வந்துச்சு?” என்றார்.

சக்திவேல் நேரத்தை நகர்த்தினார். அதே நாள் மாலை ஏழேகாலுக்கு, இருட்டத் தொடங்கிய வடவானில் அருந்ததி உயரத்தில் நின்றது. அவ்வேளையில் மணமக்களை ஏற்றிய வேன் கீழ்பென்னாத்தூருக்குச் சென்றுகொண்டிருந்தது. சன்னலோரத்தில் உண்ணாமலை. களைப்பில் அவருடைய தோளில் சாய்ந்து மூர்த்தி உறங்கிவிட்டார். உறவினர் கேலி செய்வார்களே என்ற கூச்சத்தில் உண்ணாமலை ஊர் வரும்வரை தலை நிமிரவேயில்லை.

“மூடிடட்டுமாக்கா?”

“இன்னும் கொஞ்ச நேரம் அப்டியே இருக்கட்டும், தம்பி.”

மூன்றாம் அறைக்காரர் துண்டு கேட்டு மணியடித்தார். அன்று சக்திவேலே எடுத்துச் சென்றார்.