டிபெக்ட் என்றால்

ஐந்தாம் மாத ஸ்கேனில் டாக்டர் திரையை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு, "பிள்ளைக்க ஹார்ட்ல ஒரு டிபெக்ட் மாதிரி தெரியுது. திருவனந்தபுரத்துல ஒருக்கா காட்டிருங்க" என்றார். அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அது தெரியாத சொல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையில் வேலைக்கு நின்றவள் நான். நூல் இழுத்த சேலையும் கறைபட்ட வேட்டியும் டிபெக்ட். அவற்றைத் தனியே கட்டி, வந்த இடத்துக்கே அனுப்பிவிடுவோம். அருமனைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கட்டுதான் கண்ணில் நின்றது.

சாயங்காலம் கணவர் கத்தாரிலிருந்து அழைத்தபோது டாக்டர் சொன்ன சொல்லை அப்படியே சொன்னேன்.

"கைகாலெல்லாம் ஒழுங்கா உண்டா ஏட்டி?" என்றார்.

உண்டு என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். பக்கத்திலிருந்த அம்மாவோ டிபெக்டுக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். குறை என்று சொல்லிவிட்டேன். அவள் அரிந்துகொண்டிருந்த மரச்சீனிக்கிழங்கை அப்படியே விட்டுவிட்டு முழங்காலில் நின்று ஜெபம் பண்ணத் தொடங்கினாள். வேறு சொல் சொல்லியிருக்கலாம். எந்தச் சொல் என்றுதான் தெரியவில்லை.

திருவனந்தபுரம் போகும்வரை வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. அசைவு குறைந்தால் சீனித் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருப்பேன்.

அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "சிறிய ஒரு தகராறு உண்டு. பேடிக்கண்டா" என்றார் மலையாளத்தில், பயப்பட வேண்டாம் என்று. மற்ற ஊர்க்காரர்களுக்குத் தகராறு என்றால் சண்டை. எங்கள் பக்கத்தில் மோட்டர் ஓடாவிட்டாலும் தகராறுதான். ஆள் வந்து பார்த்தால் ஓடும். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

"அப்பம் டிபெக்ட் இல்லியா?" என்றேன்.

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி, இதயத்தை வரைந்து, நடுச்சுவரில் ஒரு புள்ளி வைத்தார். அங்கே சின்ன ஓட்டை. பல பிள்ளைகளுக்குத் தானாகவே அடைந்துவிடுமாம். அடையாவிட்டால் வைத்தியம் உண்டாம். பிறந்த பிறகு உதடு நீலம் பாய்ந்தால் மட்டும் உடனே கொண்டுவர வேண்டுமாம்.

"சரியாவுமா டாக்டரே?" என்றாள் அம்மா. பெரும்பாலும் சரியாகும் என்றார் அவர். அந்தப் பெரும்பாலும் என்பதையும் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

பிள்ளை பிறந்து இப்போது நடக்கிறது. ஓட்டை சுருங்கியிருக்கிறது, முழுதும் அடையவில்லை. குளிப்பாட்டியதும் ஜன்னல் வெளிச்சத்தில் உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் இன்னும் நான் சட்டை போட்டுவிடுவதில்லை.